கடாவை மாற்றுங்கள், மந்தையை விற்காதீர்கள்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால் பக்கம் இருக்கிறோம். என் மாமனார் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே எருமை வளர்த்தவர். போன வருடம் அவர் காலமானார். கணவருக்குப் பிறை நகரில் தொழிற்சாலை வேலை என்பதால் கொட்டகையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 11 எருமைகளும் ஒரு கடாவும் இருக்கின்றன. கடா வந்து ஏழு வருடம் இருக்கும். எருமைகளில் ஐந்து எங்கள் கொட்டகையிலேயே பிறந்தவை. முன்பெல்லாம் ஒன்று ஐந்து லிட்டருக்குக் குறையாமல் கறக்கும் என்பார் மாமா. இப்போது மூன்று, மூன்றரைதான். இரண்டு எருமைகள் ஒரு வருடமாகச் சினை பிடிக்கவில்லை. இந்த வருடம் பிறந்த கன்றுகளில் இரண்டு, ஒரு மாதத்துக்குள்ளேயே செத்துவிட்டன. இன்னொன்று சாம்பல் நிறத்தில், கழுத்தில் வெள்ளைப் பட்டையோடு பிறந்திருக்கிறது. பக்கத்து மாநிலமான கெடாவில் ஒருவர் ஒரு கடாவும் மூன்று கிடாரிகளும் விற்கிறார். அசல் முர்ராவாம், இந்தியாவில் 20 லிட்டர் கறக்கும் ரகமாம். எங்களிடம் இருப்பதை விற்றுவிட்டு அவற்றை வாங்கலாமா? அதைவிட நல்ல ரகம் உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விற்க வேண்டாம். நீங்கள் சொல்லியிருக்கும் தொல்லைகளில் பாதிக்கு ஒரே காரணம் இருக்கலாம், அது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: கடா வந்து ஏழு வருடம், எருமைகளில் ஐந்து அதே கொட்டகையில் பிறந்தவை.

எருமைக் கிடாரி முதல் கன்று போட ஏறக்குறைய மூன்றரை வயதாகும். அதாவது இரண்டரை வயது தாண்டியதும் அது சினைக்கு வரத் தொடங்கும். ஏழு வருடமாக இருக்கும் கடாவின் மகள்கள் எப்போதோ அந்த வயதைக் கடந்திருப்பார்கள். கொட்டகையில் வேறு கடா இல்லை. அப்படியென்றால் அந்த ஐந்தில் பெரும்பாலானவை தங்கள் தகப்பனுக்கே சினையாகியிருக்கின்றன.

தகப்பனும் மகளும் சேர்ந்து பிறக்கும் கன்றுக்கு உட்கலப்பு அளவு 25 விழுக்காடு. எந்த மரபணுவை எடுத்தாலும் தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி வரும். இப்படிப் பிறந்த கன்றில் நாலில் ஒரு பங்கு இடங்களில் அந்த இரண்டும் ஒரே பிரதியின் நகல்களாக இருக்கும். கடாவிடம் வெளியே தெரியாமல் மறைந்திருக்கும் குறை ஏதாவது இருந்தால், அது இப்படிப்பட்ட கன்றில்தான் வெளிப்படும். பிறக்கும்போதே எடை குறையும், நோயைத் தாங்கும் வலு குறையும், வளர்ந்த பிறகு சினை பிடிப்பது தாமதமாகும், பாலும் குறையும். திடீரென்று ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால் கொட்டகைக்காரருக்குக் கண்ணில் படாது. தீனியைச் சந்தேகிப்பார், வெயிலைச் சந்தேகிப்பார், கடைசியில் ரகத்தைச் சந்தேகிப்பார்.

செத்த இரண்டு கன்றுகளின் தாய்கள் யார் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இரண்டுமே அந்த ஐந்தில் சேர்ந்தவை என்றால் என் சந்தேகம் வலுப்படும். வெளியிலிருந்து வாங்கிய எருமைகளின் கன்றுகள் என்றால் வேறு காரணம் தேட வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கொட்டகையில் 12 உருப்படிகள் இருப்பதாக நமக்குத் தோன்றும். மரபியலில் அப்படி எண்ணுவதில்லை. ஒவ்வொரு கன்றுக்கும் பாதி மரபணு கடாவிடமிருந்து வருவதால், ஆண்களின் எண்ணிக்கை குறைந்தால் முழு மந்தையும் சுருங்கிவிடும். ஆண்களையும் பெண்களையும் பெருக்கி, நாலால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 11 எருமை, 1 கடா என்றால் 44-ஐ 12-ஆல் வகுக்க, விடை நாலுக்கும் குறைவு. மரபணு வளத்தில் உங்கள் மந்தை நாலு உருப்படி உள்ள மந்தைக்குச் சமம். இன்னும் பத்து எருமை வாங்கினாலும் இந்த எண் நாலை எட்டாது. அதே 11 எருமைகளுக்கு உறவில்லாத இரண்டு கடாக்கள் இருந்தால் கிட்டத்தட்ட ஏழாகிவிடும். எருமை வாங்க வைத்திருக்கும் வெள்ளியை, அதாவது பணத்தை, எதில் போடுவது என்று இந்தக் கணக்கு உங்களுக்குச் சொல்லிவிடும்.

சரி, அந்தக் கெடாக்காரரின் முர்ராவுக்கு வருவோம்.

முர்ரா நல்ல ரகம், சந்தேகமே இல்லை. அதன் தாய்மண் வட இந்தியாவில் ஹரியானா. ரோத்தக், ஹிசார், ஜிந்த் மாவட்டங்கள்தான் அதற்குப் பேர் போனவை. ஹிசாரில் எருமைக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் 20 லிட்டர் என்பது போட்டிகளில் பரிசு வாங்கும் எருமைகளின் ஒரு நாள் கறவை. அவற்றைத் தனியாகக் கவனித்து, தனியாகத் தீனி வைத்து, கறவையின் உச்சத்தில் அளக்கிறார்கள். நல்ல பராமரிப்பில் இருக்கும் முர்ரா ஒரு ஈற்றில் 305 நாளைக்கு 2,000 கிலோ அளவில் கறக்கும். வகுத்துப் பாருங்கள், நாளுக்கு ஆறரைதான் வரும். ஈன்ற இரண்டாவது மாதத்தில் பத்தைத் தொடலாம், கடைசி மாதங்களில் மூன்றுக்கு இறங்கும். நம் ஊர் புழுக்கத்தில், நம் ஊர்ப் புல்லில், சராசரியாக ஐந்து லிட்டர் கிடைத்தால் அதை நல்ல கறவை என்றே நான் சொல்வேன். உங்கள் மாமா சொன்ன ஐந்து லிட்டரும் அதுதான்! உங்கள் எருமைகளும் பெரும்பாலும் முர்ரா வழி வந்தவையாகத்தான் இருக்கும். தோட்டப்புறங்களில் நம்மவர்கள் பாலுக்காக வளர்த்த சுருட்டைக் கொம்பு எருமைகளெல்லாம் அந்த வழிதான். அந்த எருமைகள் பல தலைமுறையாக இந்த மண்ணில் ஈன்று பிழைத்தவை. அந்தத் தாங்குசக்தி புதிதாக வாங்கும் கிடாரியிடம் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

விற்பவரிடம் இருப்பது அசல் முர்ராதானா என்பதை ஓரளவு நீங்களே பார்த்துக்கொள்ளலாம். உடல் முழுக்க நல்ல கருப்பு. கொம்பு சின்னதாக, பின்னோக்கிப் போய் மேலே திரும்பி உள்பக்கம் இறுக்கமாகச் சுருண்டிருக்கும். தலை உடம்புக்குச் சின்னது, பெண் எருமைக்குக் கழுத்து மெலிந்து நீண்டிருக்கும். பின்னிருந்து முன்னால் போகப்போக உடல் ஆப்பு மாதிரி குறுகும். வால் நுனியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை இருக்கலாம், அது குறையில்லை. நெற்றி, மூக்கு, கால்கள், வால் நுனி எல்லாம் வெள்ளையாக, கண்ணும் வெளிறியிருந்தால் அது பஞ்சாப் பக்கத்து நீலி ராவி. அதுவும் நல்ல கறவைதான், ஆனால் முர்ரா என்ற பேரில் அதற்கு விலை கொடுக்காதீர்கள். கொம்பு அரிவாள் போல வளைந்து கழுத்தடியில் இரண்டு வெள்ளைப் பட்டை இருந்தால் சுர்த்தி ரத்தம் இருக்கிறது.

தோற்றம் பாதி உண்மைதான் சொல்லும். கொம்பு சுருண்டிருப்பதால் பால் வந்துவிடாது. நீங்கள் கேட்க வேண்டியது வேறு: இந்தக் கடாவின் தாய் ஒரு ஈற்றில் எவ்வளவு கறந்தது, எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்? அந்தத் தாய் இன்னும் அங்கே இருந்தால் கறக்கும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள். கடாவையும் கிடாரிகளையும் சேர்த்தே விற்கிறார் என்றால் அவை ஒரே தகப்பன் பிள்ளைகளா என்று கேளுங்கள். அப்படியிருந்தால், நீங்கள் இப்போது விட்டு வெளியே வர வேண்டிய அதே சிக்கலைப் புதிதாக விலை கொடுத்து வாங்குகிறீர்கள். பதிவு ஒன்றுமே இல்லை, ஆனால் அசல் என்று மட்டும் சொல்கிறார் என்றால், சாதாரண எருமையின் விலைக்கு மேல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

மாநிலம் விட்டு மாநிலம் கால்நடையைக் கொண்டுவரக் கால்நடை இலாகாவின் பெர்மிட் வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேரத்தையே விட்டுவிடுங்கள்.

இப்போது அந்தச் சாம்பல் நிறக் கன்று. எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் ஆர்வமூட்டியது இதுதான். உங்கள் எருமைகள் மேயும் இடத்தில், அல்லது பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், மலாய்க்காரர் யாராவது வயல் எருமை வளர்க்கிறார்களா? கன்றுக்குக் கழுத்தில் பிறை வடிவத்தில் வெள்ளைப் பட்டையும், முழங்காலுக்குக் கீழே வெளிறியும் இருந்தால், தகப்பன் உங்கள் கடா இல்லை. வயல் எருமைக் கடா ஒன்று முந்திக்கொண்டிருக்கிறது.

உலகில் வீட்டு எருமை இரண்டு வகை. இந்தியாவிலிருந்து இத்தாலி வரை பாலுக்கு வளர்ப்பது ஆற்று எருமை. மலேசியா, தாய்லாந்து, பிலிப்பீன்ஸ், சீனாவின் தென்பகுதி எங்கும் உழவுக்கு வளர்த்தது சதுப்பு எருமை, இங்கே கெர்பாவ் சாவா என்பார்கள். இரண்டும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு காலத்தில் மனிதனிடம் பழகியவை. ஆற்று எருமைக்கு 50 குரோமோசோம்கள், சதுப்பு எருமைக்கு 48. ஆற்று எருமையின் நாலாவதும் ஒன்பதாவதும் சதுப்பு எருமையில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே குரோமோசோமாகிவிட்டன. அதனால் இரண்டும் கலந்து பிறக்கும் கன்றுக்கு 49 இருக்கும்.

அந்தக் கன்று கோவேறு கழுதை மாதிரி மலடு இல்லை, வளர்ந்து கன்று போடும். கலப்புப் பெண் எருமை சதுப்பு எருமையைவிட நன்றாகவே கறக்கும். சதுப்பு எருமை கன்று குடித்தது போக ஒன்று, ஒன்றரை லிட்டர் கொடுத்தால் பெரிது. பிலிப்பீன்ஸ் நாட்டில் காரபாவ் என்ற தங்கள் சதுப்பு எருமையைப் பல்கேரியாவில் வளர்த்த முர்ராவோடு கலந்து, பாலுக்கென்றே ஒரு பெரிய திட்டம் நடத்துகிறார்கள். 1992-ல் அதற்குச் சட்டமே போட்டார்கள். ஆனால் 49 இருக்கும் விலங்கின் உடலில் விந்தும் கருமுட்டையும் உருவாகும்போது சிலவற்றுக்குச் சரியான பங்கு போய்ச் சேராது. அந்தச் சினை தங்குவதில்லை. ஆகவே உங்கள் சாம்பல் கன்று கிடாரியாக இருந்தால் வைத்து வளருங்கள், பருவத்துக்கு வரும்போது முர்ராக் கடாவோடு சேருங்கள். ஆண் கன்றாக இருந்தால் அதை ஒருபோதும் பொலிகடாவாக வைக்காதீர்கள். இறைச்சிக்கு நல்ல விலை போகும்.

அந்தப் பக்கத்து வீட்டு வயல் எருமைகளைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. வயலில் இயந்திரம் வந்த பிறகு தீபகற்பத்தில் அவற்றின் எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே போகிறது. இருப்பதும் முர்ராவோடு கலந்துபோனால் இந்த மண்ணுக்கென்று இருந்த ஒரு ரகம் சத்தமில்லாமல் போய்விடும். அதனால் உங்கள் கடாவும் அங்கே போய்விடாமல் கட்டி வையுங்கள். இரண்டு பக்கத்துக்கும் அதுதான் நல்லது.

நல்ல ரகம் உண்டா என்று கேட்டீர்கள். ஒவ்வொரு ரகமும் ஓர் ஊரின் தண்ணீருக்கும் புல்லுக்கும் ஏற்ப உருவானது, அதைப் பெயர்த்து எடுத்து வந்தால் பாதி குணம் அங்கேயே தங்கிவிடும். குஜராத்தின் ஜாஃபராபாதி யானை மாதிரி உடம்பு, பெரிய நெற்றி, தொங்கும் கொம்பு. அதற்குப் போடும் தீனிக்கு உங்களிடம் நிலம் இருக்காது. ஆக்ரா, எட்டாவா பக்கத்தின் பதாவரி சின்ன உடம்புக்காரி, தாமிர நிறம். பால் கொஞ்சம்தான், ஆனால் கொழுப்பு மற்ற ரகங்களைவிட மிக அதிகம். காய்ந்த புல்லைத் தின்று வெயிலைத் தாங்கும். மராட்டியத்தின் பண்டர்புரிக்குக் கொம்பு தோளைத் தாண்டிப் போகும், எளிதில் பால் இறக்கும். கோலாப்பூரில் அதை ஊருக்குள் ஓட்டிவந்து வாங்குகிறவர் கண் முன்னாலேயே கறந்து கொடுப்பார்கள். நம் தமிழ்நாட்டில் நீலகிரியின் தோடர் எருமையும் ஈரோட்டு மலைக்காட்டில் மேயும் பர்கூர் எருமையும் இருக்கின்றன. தோடர் எருமை குளிரும் மழையும் உள்ள மேட்டு நிலத்துக்கானது, எண்ணிக்கையில் மிகக் குறைந்துவிட்டது. இவற்றில் எதையும் நீங்கள் பினாங்குக்குக் கொண்டுவர முடியாது, தேவையும் இல்லை. இந்தியாவில் கோமாரி நோய் இருப்பதால் உயிருள்ள எருமையைத் தனி ஆளாக இறக்குமதி செய்வது நடக்கிற காரியமில்லை.

ஆக உங்கள் முன்னால் இருக்கும் வழி, இருக்கும் பதினொன்றையும் வைத்துக்கொண்டு கடாவை மாற்றுவது. எப்படி மாற்றுவது? மூன்று வழிகள் உண்டு, எனக்குப் பிடித்ததைக் கடைசியில் சொல்கிறேன்.

விலைக்கு வாங்கலாம். அந்தக் கெடாக்காரரிடமே கடாவை மட்டும் கேட்டுப் பாருங்கள், தாயின் கறவை தெரிந்தால். சினை ஊசி போடலாம். தென் செபராங் பிறை மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் முர்ரா விந்து இருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஊசியின் பெரிய நன்மை, ஒவ்வொரு தலைமுறைக்கும் வெவ்வேறு கடாவைப் பயன்படுத்தலாம். தொல்லை, எருமை எப்போது பருவத்துக்கு வந்தது என்று கண்டுபிடிப்பது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது, மாற்றிக்கொள்வது. கூலிமிலோ சுங்கைப் பட்டாணியிலோ பாரிட் புந்தாரிலோ உங்களைப் போல எருமை வைத்திருப்பவர்கள் இருப்பார்கள், எல்லாருக்கும் இதே தொல்லை இருக்கும். மூன்று கொட்டகைக்காரர்கள் சேர்ந்தால் போதும். முதல் கொட்டகையின் கடா இரண்டாவதுக்கு, இரண்டாவதன் கடா மூன்றாவதுக்கு, மூன்றாவதன் கடா முதலாவதுக்கு. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை இதே திசையில் சுற்ற வேண்டும். மூன்று வருடம் என்பதற்குக் காரணம், அதற்குள் எந்தக் கடாவின் மகளும் சினைக்கு வரும் வயதை எட்டியிருக்காது. இதில் யாரும் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் பழைய கடாவுக்கு உங்கள் மந்தையில்தான் மதிப்பில்லை. இன்னொரு மந்தைக்கு அது புதிய ரத்தம்.

ஆனால் கடாவைக் கொட்டகைக்குள் ஏற்றும் முன்னால் ரத்தம் எடுத்து புருசெல்லா சோதனையும், அதோடு காசநோய் சோதனையும் செய்தே ஆக வேண்டும். புருசெல்லா என்பது கருச்சிதைவு நோய், கறக்கிறவருக்கும் காய்ச்சாத பாலைக் குடிப்பவருக்கும் தொற்றும். சோதனை முடிந்தாலும் ஒரு மாதம் தனியாகக் கட்டி வைத்துப் பாருங்கள். தெரிந்தவர் கடாதானே என்று இதில் தாட்சண்யம் பார்க்கக் கூடாது.

சினை பிடிக்காத இரண்டு எருமைகளுக்கும் கடா மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. எருமைக்கு ஊமைப் பருவம் அதிகம். பசு மாதிரி ஒன்றன் மேல் ஒன்று தாவாது, பெரிதாகச் சத்தமும் போடாது. பருவம் 21 நாளுக்கு ஒரு தடவை வரும், பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் தலைகாட்டிவிட்டுப் போகும். எல்லாரும் கறக்கும் நேரத்தில்தான் பார்க்கிறார்கள், அதற்குள் முடிந்துவிடும். விடியும் முன்னால், எருமைகள் இன்னும் படுத்திருக்கும்போது, கையில் டார்ச்சோடு பின்பக்கமாக நடந்து போங்கள். தரையில், வால் கிடக்கும் இடத்தில், கண்ணாடி போலத் தெளிந்த வழும்பு ஒரு கரண்டி அளவுக்குத் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எழுந்து நின்றுவிட்டால் அது தெரியாது, பசுவுக்குத் தொங்குகிற மாதிரி எருமைக்குத் தொங்காது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் விடுவது, அன்றைக்குப் பால் குறைவது, தீனியில் முகத்தைத் திருப்புவது எல்லாம் கூடவே வரும் அடையாளங்கள். காலையில் இவற்றைப் பார்த்தால் அன்று மாலை ஊசி, மாலையில் பார்த்தால் மறுநாள் காலை.

வெயிலும் ஒரு காரணம். எருமைக்குக் கருப்புத் தோல், மேலே முடி குறைவு, வியர்வைச் சுரப்பி பசுவுக்கு இருப்பதைவிட மிகக் குறைவு. அதனால்தான் தண்ணீரைத் தேடி ஓடுகிறது. ஹரியானாவிலும் வெயில் கொளுத்தும், ஆனால் அங்கே காற்று உலர்ந்தது, நமக்குக் காற்றிலேயே ஈரம். பகல் 11 மணியிலிருந்து 4 மணிவரை நிழலும், இரண்டு மூன்று தடவை உடம்பு முழுக்க நனைய தண்ணீரும் இருந்தாக வேண்டும். குட்டை இருந்தால் நல்லது. கறந்ததும் உடனே குட்டையில் இறக்காதீர்கள், காம்புத் துவாரம் மூட அரை மணி நேரமாவது ஆகும், அதற்குள் சேற்றில் படுத்தால் மடிநோய் வரும். கடாவுக்கும் இதே குளிர்ச்சி வேண்டும். சூட்டில் வாடிய கடாவின் விந்து தேற இரண்டு மாதம்கூட ஆகும், அந்த இரண்டு மாதமும் அது ஏறுவதைப் பார்த்து நாம் சினையாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்போம்.

இறந்த கன்றுகளுக்கு வருகிறேன். சாணி சாம்பல் கலந்த வெள்ளையாக, களிமண் மாதிரி, கெட்ட நாற்றத்தோடு போனதா? வயிறு உப்பியிருந்ததா? அப்படியென்றால் உருண்டைப் புழு. எருமைக் கன்றுகளைக் கொல்வதில் இதற்கு முதலிடம் கொடுக்கலாம். பலர் கன்று புல் கடிக்க ஆரம்பித்த பிறகுதான் புழு மருந்து கொடுக்கிறார்கள். இந்தப் புழு புல்லில் வருவதில்லை, தாய்ப்பாலில் வருகிறது. தாயின் உடம்பில் தூங்கிக் கிடக்கும் இளம்புழு, ஈன்றதும் பாலில் இறங்கிக் கன்றுக்குப் போகிறது. கன்று பிறந்த 10 முதல் 16 நாளுக்குள் ஒரே தடவை பைரன்டெல் போன்ற மருந்து, எடைக்கேற்ற அளவில் கொடுத்தால் தப்பித்துவிடும். அளவை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறந்த ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்ததா என்பதும் முக்கியம். கன்று செத்தால் நட்டம் அதோடு முடிவதில்லை. எருமை தன் பாலைக் கிட்டத்தட்ட முழுவதும் மடியின் உள்ளறைகளிலேயே வைத்திருக்கும், காம்புக்கு மேலே இருக்கும் பையில் இருப்பது மிகக் கொஞ்சம். கன்று முட்டினால்தான் இறக்கும். கன்று இல்லாத எருமை பாலை அடக்கிக்கொள்ளும். அப்போது சிலர் பால் இறக்கும் ஊசியைத் தினமும் போடச் சொல்வார்கள். தயவுசெய்து போடாதீர்கள். கறக்கும் முன் இளஞ்சூட்டுத் தண்ணீரில் மடியைக் கழுவி, பொறுமையாகத் தடவி, கொஞ்சம் தீவனம் முன்னால் வைத்து, தினமும் ஒரே ஆள், ஒரே நேரத்தில் கறந்தால் பெரும்பாலான எருமைகள் சில நாட்களில் வழிக்கு வரும்.

தீனியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரிந்திருக்கும். நேப்பியர் புல்லை முற்ற விடாமல் வெட்டி ஆளுக்கு 30, 40 கிலோ. செம்பனைப் பிண்ணாக்கு நம் ஊரில் மலிவு, எருமைக்கு ஆகும், ஆனால் அடர்தீவனத்தில் பாதிக்கு மேல் போக வேண்டாம். மீதிக்குத் தவிடும் சோயா சக்கையும் போடுங்கள். கறக்கும் ஒவ்வொரு இரண்டு லிட்டருக்கும் ஒரு கிலோ அடர்தீவனம், உடம்புக்கென்று ஒரு கிலோ. தாது உப்பு தினமும். சினை பிடிக்காத எருமைகளில் பலவற்றை வெறும் தாது உப்பும் நல்ல தீனியும் சரிசெய்திருக்கின்றன. கோமாரிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போட்டாயிற்றா என்று அலுவலகத்தில் கேளுங்கள். தொண்டை அடைப்பான் மழைக்காலத்தில் எருமையை ஒரே நாளில் சாய்த்துவிடும்.

மாமா எல்லாவற்றையும் மனசில் வைத்திருந்திருப்பார். இனி ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். ஒவ்வொரு எருமைக்கும் ஒரு பக்கம்: காது வில்லை எண், தாய் யார், தகப்பன் யார், எங்கிருந்து வந்தது, எப்போது சினைக்கு விட்டோம், எப்போது ஈன்றது, எப்போது வற்றியது. எருமைக்குச் சினைக்காலம் 310 நாள் அளவு, பசுவைவிட ஒரு மாதம் கூடுதல், ஆகவே தேதி எழுதாமல் நினைவில் வைக்க முடியாது. பாலை மாதத்தில் ஒரு நாள், காலையும் மாலையும் தனித்தனியாக அளந்து எழுதினால் போதும், 30-ஆல் பெருக்கினால் மாதக் கணக்கு வந்துவிடும். ஒரு வருடம் எழுதினால் எந்த எருமையின் கன்றைக் கொட்டகைக்கு வைப்பது, எதை விற்பது என்று நீங்களே சொல்வீர்கள். தைப்பூசத்துக்குப் பால்குடத்துக்கென்று எல்லாரும் பால் கேட்டு வரும் அந்த ஒரு வாரத்தை வைத்து மந்தையைப் பெருக்கிவிடாதீர்கள். மற்ற 51 வாரமும் தயிருக்கும் பன்னீருக்கும் வாங்கும் கடைதான் உங்களுக்குச் சோறு போடும். எருமைப் பாலில் ஏழு விழுக்காட்டுக்குக் குறையாமல் கொழுப்பு இருக்கிறது, பசும்பாலில் அதில் பாதிதான். லிட்டர் குறைவாக இருந்தாலும் தயிர்க்காரரிடம் அதைச் சொல்லி விலை கேளுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது, பழைய கடாவை அந்த ஐந்து மகள்களிடமிருந்து இன்றைக்கே பிரித்துக் கட்டுவது. புதுக்கடா வரும்வரை வெளியிலிருந்து வாங்கிய ஆறு எருமைகளுக்கு மட்டும் அது போதும். சினை பிடிக்காத இரண்டையும் இந்த மாதமே கால்நடை மருத்துவர் ஒருவர் கையை விட்டுச் சோதித்துக் கருப்பையையும் சினைப்பையையும் பார்க்கட்டும். சாம்பல் கன்றின் கழுத்தும் காலும் தெரியும்படி ஒரு படமும், பழைய கடாவின் முகத்தை நேராக எடுத்த ஒரு படமும் அனுப்பி வையுங்கள். எந்தக் கன்று எந்தத் தாயுடையது என்ற பட்டியலும் கூடவே வந்தால், எதை எதோடு சேர்ப்பது என்று ஒவ்வொன்றாக எழுதி அனுப்புகிறேன்.